கருத்த முட்டி, வெளிறிய முன்னங்கால், செருப்பு வார்த் தடம்: கால் நிறத்தை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கல்யாண ஆல்பங்களில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். மெட்டி போடும் படம். அம்மி மேல் பெண்ணின் கால், பக்கத்தில் மாப்பிள்ளையின் கை, கேமரா ரொம்ப நெருக்கத்தில். என் சித்தி மகளுக்கு பயம் வந்தது அந்தப் படத்தை நினைத்துத்தான். தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறவள். செருப்பு வார் மறைத்த இடம் ஒரு நிறம், மீதி இடம் இன்னொரு நிறம். முட்டியும் கணுக்காலும் கருப்பு. முன்னங்கால் சாம்பல் பூத்த மாதிரி வெளிறிப்போய் இருக்கும்.

கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது ஏதோ ஒரு ரீல்ஸ் பார்த்துவிட்டு, எலுமிச்சை மூடியை சர்க்கரையில் தொட்டு காலில் தேய்த்துக்கொண்டு, காயட்டும் என்று மொட்டை மாடியில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் எரிச்சல். அதற்கு மறுநாள் கொப்புளம். கொப்புளம் அடங்கியதும், சாறு வழிந்த பாதையெல்லாம் கோடு கோடாகக் கருப்பு. மெட்டி படத்தில் அந்தக் கோடுகளை போட்டோகிராபர்தான் கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுத்தார்.

"இதையெல்லாம் வீட்டிலேயே சரி பண்ண முடியுமா, முடியாதா?" என்று அவள் என்னிடம் கேட்டாள். பாதி முடியும். எந்தப் பாதி என்று தெரியாமல் இறங்கினால்தான் சிக்கல்.

காலுக்கு மட்டும் ஏன் இந்த நிலைமை?

முகத்தில் எண்ணெய் சுரப்பிகள் அதிகம். முழங்காலுக்குக் கீழே அவை ரொம்பக் குறைவு. அதனால் உடம்பிலேயே சீக்கிரம் காய்ந்துபோகும் இடங்களில் ஒன்று முன்னங்கால். காய்ந்த தோலின் மேல்பரப்பில் இறந்த செல்கள் உதிராமல் செதில் செதிலாக நிற்கும். அவற்றின் மேல் படும் வெளிச்சம் சிதறுவதால் தோல் வெளிறி, சாம்பல் பூசியது போலத் தெரியும். மாநிறம், கருப்பு நிறத்தவர்களிடம் இது இன்னும் பளிச்செனத் தெரியும். நகத்தால் லேசாகக் கோடு போட்டால் சிலேட்டில் எழுதியது போல வெள்ளைக் கோடு விழுமே, அதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. குளித்து முடித்ததும் ஒரு காலில் மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்கள். வெளிறல் மறைந்து நிறம் சமமாகத் தெரிந்தால் உங்கள் பிரச்சினை நிறம் அல்ல, வறட்சி. வீட்டிலேயே முழுசாகச் சரிசெய்யக்கூடிய பாதி இது.

அடுத்தது வெயில். டூவீலர் ஓட்டும்போது பாதத்தின் மேல்பகுதி வெயிலுக்கு நேராக நீட்டி இருக்கிறது. முகத்துக்குத் துப்பட்டா, கைக்குக் கையுறை எல்லாம் போடுகிறோம். பாதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புற ஊதாக் கதிர் பட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தோல் மெலனின் என்ற நிறமியை அதிகமாகத் தயாரிக்கும். கருப்பானவர்களுக்கும் சிவப்பானவர்களுக்கும் மெலனின் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவை எவ்வளவு, எந்த வகை மெலனினைத் தயாரிக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அதனால் பிறவி நிறத்தை மாற்றுகிறேன் என்று சொல்லும் எந்த டப்பாவையும் தாராளமாகக் கடந்து போகலாம். வெயிலில் கூடுதலாக ஏறிய நிறத்தை மட்டுமே குறைக்க முடியும்.

(வெளிநாட்டில் கதை தலைகீழ். அங்கே கோடை வந்தால் வெள்ளைக் கால்களைப் பழுப்பாக்க டைஹைட்ராக்ஸி அசிட்டோன் கலந்த லோஷனைப் பூசிக்கொள்கிறார்கள். அது தோலின் மேலடுக்கோடு சேர்ந்து சாயம் பிடித்து, ஒரு வாரத்தில் உதிர்ந்து போய்விடும். இருக்கிற நிறம் போதாது என்பதில் மட்டும் உலகம் முழுக்க ஒற்றுமை!)

தேய்க்கத் தேய்க்க போகாதா?

போகாது. கூடும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

குளிக்கும்போது நைலான் நார் போட்டு தினமும் அழுத்தித் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் ரொம்ப சகஜம். தோலுக்கு உராய்வும் ஒரு தாக்குதல்தான். அதற்கும் அது தடித்தும் கருத்தும் பதில் சொல்லும். தோல் மருத்துவத்தில் 'ஃப்ரிக்‌ஷன் மெலனோசிஸ்' என்றே இதற்குப் பெயர் இருக்கிறது. நம் நாட்டில் அதிகம் பார்க்கப்படுகிற பிரச்சினை. எலும்பு மேடாக இருக்கும் இடங்களில்தான் முதலில் வரும்: முன்னங்கால், முட்டி, கணுக்கால், முழங்கை. கருப்பைப் பார்த்ததும் அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்போம். அது இன்னும் கருக்கும். இப்படியே வருஷக்கணக்கில் ஓடும்.

கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு மேல் காய்ப்பு மாதிரி ஒரு கருப்பு பலருக்கு இருக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்காருவதால் வருவது அது. முட்டிக் கருப்புக்கு மண்டியிட்டு வீடு துடைப்பதும் ஒரு காரணம். கீழே ஒரு தலையணையோ மடித்த போர்வையோ போட்டால் போதும் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அழுத்தத்தை நிறுத்தாமல் எந்த க்ரீம் போட்டும் அந்த இடம் மாறாது. இறுக்கமான கொலுசு, ஈரம் காயாமல் கிடக்கும் காலில் கட்டிய கயிறு, கவரிங் உலோகத்தால் வரும் ஒவ்வாமை ஆகியவையும் இதே பட்டியல்தான்.

அடுப்படியில் இருப்பதில் எது உதவும்?

முதலில் எலுமிச்சை. சித்தி மகளுக்கு நடந்தது அபூர்வமான விபத்து இல்லை. எலுமிச்சையில், அதிலும் குறிப்பாகத் தோலில், ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவை தோலில் படிந்திருக்கும்போது வெயில் பட்டால், தீக்காயம் போலவே கொப்புளம் வரும். பிறகு கருப்பு நிற்கும். மேல்நாடுகளில் 'லைம்' என்று சொல்லும் சின்னப் பழம்தான் நம்மூர் எலுமிச்சை. அந்த 'லைம்'தான் இந்தப் பாதிப்புக்குப் பேர் போனது. வெயிலில் நின்று பழம் பிழிந்து ஜூஸ் போடுகிறவர்களின் கைகளிலும் இதே கோடுகளைப் பார்க்கலாம். வெயிலே படாவிட்டாலும் அது கடும் அமிலம். தோலின் மேல்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.ஹெச். அளவில் சுமார் 5. எலுமிச்சைச் சாறு சுமார் 2.

சமையல் சோடா அதற்கு எதிர்ப்பக்கம், காரம். பேக்கிங் சோடாவும் எலுமிச்சையும் கலந்தால் நுரைக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். வேதியியல் வகுப்புக்கு அது நல்ல சோதனை, காலுக்கு ஒன்றும் செய்யாது. டூத்பேஸ்ட் பற்றிப் பேசவே வேண்டாம்.

கடலை மாவு, பயத்தமாவு, தயிர்? இவற்றில் பெரிய ஆபத்து இல்லை, பெரிய மாயமும் இல்லை. மாவு மேலே இருக்கும் எண்ணெயையும் உதிரும் செல்களையும் எடுத்துவிடும். தயிரில் லாக்டிக் அமிலம் இருப்பது உண்மை, ஆனால் மருந்துக் கடை லோஷன் அளவுக்குச் செறிவு கிடையாது. பூசிவிட்டு காயும் முன்பே கழுவிவிட வேண்டும். விறைத்துக் காய்ந்த மாவை உரித்து எடுப்பது மறுபடியும் உராய்வுதான். மஞ்சள் பூசினால் 'பளிச்'சென்று தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், மஞ்சள் கொடுக்கும் மஞ்சள் நிறம்!

இதில் எனக்குப் பிடித்தது நல்லெண்ணெய்யும் தேங்காய் எண்ணெய்யும்தான். எண்ணெய் ஈரத்தைப் புதிதாகக் கொடுக்காது. இருக்கும் ஈரம் ஆவியாகாமல் மூடி வைக்கும். ஆகவே உலர்ந்த காலில் தடவுவதைவிட, குளித்துவிட்டு ஈரம் லேசாக இருக்கும்போதே தடவுவதில்தான் பலன்.

அப்போ என்னதான் செய்யணும்?

முதல் வாரத்தில் எதையும் புதிதாக வாங்க வேண்டாம். நாரை நிறுத்துங்கள், கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை நிறுத்துங்கள். சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது. காலில் தினமும் அழுக்கு சேருவது பாதத்தில்தான். முன்னங்காலுக்கும் தொடைக்கும் தினமும் சோப்பு போட்டே ஆக வேண்டும் என்றில்லை. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சோப்புப் படிவம் தோலில் தங்கி வறட்சியைக் கூட்டும். கடைசியில் ரெண்டு குவளை நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது.

அடுத்து, துண்டால் ஒற்றி எடுத்து சில நிமிடங்களுக்குள் மாய்ஸ்சரைசர். வாசனை இல்லாத எதுவானாலும் சரி. வெறும் பெட்ரோலியம் ஜெல்லி கூடப் போதும். செதில் அதிகம் என்றால் 10 சதவீத யூரியா உள்ள க்ரீம் என்று கேட்டு வாங்கலாம். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், நம் தோலே ஈரத்தைப் பிடித்து வைக்க இயற்கையாக வைத்திருக்கும் பொருள்களில் யூரியாவும் ஒன்று. வெடிப்பு, கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் எரியும். முட்டி, கணுக்கால் தடிப்புக்கு லாக்டிக் அமிலம் கலந்த லோஷன், வாரத்துக்கு ரெண்டு மூன்று நாள் இரவில். ஷேவ் செய்த அன்று வேண்டாம்.

ஷேவிங் என்றதும் இன்னொன்று. காலில் புள்ளி புள்ளியாக, ஸ்ட்ராபெர்ரி தோல் மாதிரி தெரிகிறது என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். ரோமக்கால்களில் அடைப்பு, அல்லது மழித்த முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்வது இதற்கு முக்கியக் காரணங்கள். கையால் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கரும்புள்ளியாக மாறும். மழிப்பதாக இருந்தால் வெந்நீரில் நனைத்து, வழுவழுப்பாக ஏதாவது தடவி, புது பிளேடில், முடி வளரும் திசையிலேயே. காய்ந்த காலில் பழைய ரேசரை மேல்நோக்கி இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. மழிக்காமலே விட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெயில் விஷயத்தில் சன்ஸ்க்ரீன் நல்லதுதான். ஆனால் ஒரு கணக்கு போடுவோம். பரிந்துரைக்கப்படும் அளவு ஒரு காலுக்கு ரெண்டு டீஸ்பூன். ரெண்டு காலுக்கு சுமார் 20 மில்லி. அதாவது 50 கிராம் ட்யூப் ரெண்டரை முறைக்குத்தான் வரும். அதையும் வெயிலில் இருந்தால் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். மாசச் சம்பளத்தில் இது நடக்கிற காரியமா? அதனால் பாதத்துக்கு மட்டும் எஸ்.பி.எஃப். 30 போட்டுக்கொண்டு, மீதிக்குப் பருத்தித் துணியை நம்பலாம். வண்டி ஓட்டும்போது ஒரு ஜோடி காட்டன் சாக்ஸ் அல்லது மூடிய ஷூ, செருப்பு வார்த் தடத்துக்கு மிகச் சுலபமான தீர்வு. செருப்போடு சாக்ஸ் போட்டால் சிரிப்பார்கள்தான். சிரிக்கட்டும்.

எவ்வளவு நாள் ஆகும்? வறட்சி ஒரு வாரத்திலேயே மாறும். தோலின் மேலடுக்கு புதுப்பிக்கப்பட ஏறக்குறைய ஒரு மாதம், வயது கூடக் கூட இன்னும் அதிகம். ஆகவே வெயில் கருப்பு இறங்க ஒன்றிரண்டு மாதமாவது வேண்டும், அதுவும் மறுபடி வெயில் படாமல் இருந்தால். கொசுக்கடி, புண், கொப்புளம் ஆறிய தழும்புக் கருப்பு பல மாதம் நிற்கும். சிலருக்கு ஒரு வருஷத்தையும் தாண்டும். 'மூன்றே நாளில்' என்று யார் சொன்னாலும், தோல் வளரும் வேகத்துக்கே அது ஒத்துவராது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் க்ரீம்

பொறுமை போகும்போது நாம் செய்வது இதுதான். "அண்ணா, கருப்பு போறதுக்கு ஏதாவது குடுங்க." அவரும் ஒரு சின்ன ட்யூப் எடுத்துக் கொடுப்பார். அதில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் மூன்றும் கலந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னது ஸ்டீராய்டு. மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட இடத்துக்குக் கொடுத்தால் அது மருந்து. மாசக்கணக்கில் நாமாகப் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் வெளியே தெரிந்து, வரி வரியாகத் தழும்பு விழும். தொடையின் உள்பக்கம் விழும் அந்த வரிகள் போகவே போகாது. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்ற பெயர்களையும் ட்யூபின் பின்பக்கம் தேடிப் பாருங்கள்.

தொடை இடுக்கில் கருப்பும் அரிப்பும் இருந்தால் அது படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் ஸ்டீராய்டு க்ரீம் பூசினால் அரிப்பு ரெண்டே நாளில் அடங்கும். பூஞ்சை மட்டும் அடியில் பரவிக்கொண்டே இருக்கும். மருந்துச் சீட்டு இல்லாமல் இந்த க்ரீம்களை விற்பதைக் கட்டுப்படுத்த, 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு மருந்துகளை அட்டவணை 'எச்' பிரிவுக்குள் கொண்டுவந்தது. சட்டம் அப்படி. கவுன்டரில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

பாதரசம் கலந்த க்ரீம்கள் இதைவிட மோசம். பாதரசம் மெலனின் உற்பத்தியைத் தடுக்கும் என்பதால் நிறம் உண்மையிலேயே வேகமாக மாறும், அதுதான் வலை. அது தோல் வழியாக உடம்புக்குள் போய் சிறுநீரகத்தைப் பாதிக்கும். 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் கசியும் நோயோடு வந்த பலரை விசாரித்தபோது, அவர்கள் சிவப்பழகு க்ரீம் பூசி வந்தது தெரிந்தது. தயாரித்த நிறுவனம், முகவரி, சேர்மானப் பட்டியல் எதுவும் இல்லாத டப்பா என்றால் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்களுக்கு சிறுநீர் நுரைத்துப் போனாலோ கால் வீங்கினாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு.

இதெல்லாம் அழகுப் பிரச்சினையே இல்லை

இனி வருவது, வீட்டில் முயற்சி செய்யவே கூடாத பாதி.

காலில் சுற்றியுள்ள தோலைவிட வெளிறிய திட்டு ஒன்று இருக்கிறது. எண்ணெய் தடவினாலும் மறையவில்லை. முதலில் செய்ய வேண்டியது, கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் ஒருவரை பஞ்சாலோ பேனா முனையாலோ அந்த இடத்தைத் தொடச் சொல்வது. தொடுவது தெரியவில்லை, அல்லது மற்ற இடத்தைவிட மந்தமாகத் தெரிகிறது என்றால் தாமதிக்காதீர்கள். சுகாதார நிலையச் சுவர்களில் 'உணர்ச்சியற்ற தேமல்' என்று எழுதியிருப்பது இதைத்தான். தொழுநோயின் ஆரம்பமாக அது இருக்கலாம். பெயரைக் கேட்டுப் பயப்படும் காலம் போய்விட்டது. அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். சீக்கிரம் ஆரம்பித்தால் நரம்பு பாதிப்போ ஊனமோ வராது. வெட்கப்பட்டு ஏதோ க்ரீமைத் தடவிக் கடத்தும் மாதங்களில்தான் நரம்பு போகிறது. (அந்த மருந்துகளில் ஒன்றான குளோஃபாசிமின் தோலைக் கருப்பாக்கும். சிகிச்சை முடிந்த பிறகு படிப்படியாகச் சரியாகிவிடும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.)

உணர்ச்சி இருக்கிறது, ஆனால் பால் வெள்ளையாக, விளிம்பு தெளிவாக இருக்கிறது என்றால் வெண்புள்ளியாக இருக்கலாம். இது தொற்றாது, தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நாற்பது வயதுக்கு மேல் முன்னங்காலில் மிளகு அளவில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் வெயிலும் வயதும் சேர்ந்து செய்வது, கெடுதல் இல்லை. பாதத்தில் சரியாக ஹவாய் செருப்பு வாரின் வடிவத்திலேயே நிறம் போயிருந்தால் செருப்பைச் சந்தேகப்படுங்கள். ரப்பரில் சேர்க்கும் சில வேதிப்பொருட்கள் நிறமி செல்களை அழிக்கக்கூடியவை. வெயில் மறைத்ததால் வரும் தடம் சில மாதத்தில் கலந்துவிடும். இது கலக்காது, இன்னும் வெளுக்கும். செருப்பை மாற்றிவிட்டு தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கருப்புக்கும் இதே போல ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கணுக்காலின் உள்பக்கம், சற்று மேலே, பழுப்பாகத் துருப்பிடித்த மாதிரி நிறம். சாயங்காலம் கால் கனக்கிறது, வீங்குகிறது, சாக்ஸ் தடம் பதிகிறது. வெயிலோ அழுக்கோ இதற்குக் காரணமல்ல. சிரைகளின் வால்வு பலவீனமாகி, மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழேயே தேங்கி, கசிந்த சிவப்பணுக்களின் இரும்புச்சத்து தோலில் படிவதால் வரும் கறை. ஏறக்குறைய நிஜமான துருதான்! துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் அக்காக்களின் காலில் இதைப் பார்க்கலாம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், உட்கார விடுகிறார்களா என்பது அடுத்த முறை ஜவுளி எடுக்கப் போகும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கறையை ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தால் மெலிந்திருக்கும் தோல் கிழிந்து, ஆறவே ஆறாத புண்ணாகும். படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பது உதவும். இறுக்கமான காலுறையை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே போட வேண்டும்.

முன்னங்காலில் வலியில்லாத, வட்டமான பழுப்புத் தழும்புகள் காரணமில்லாமல் வந்தால் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள், வெந்நீரில் கால் ஊறவைப்பது, கல்லால் தேய்ப்பது, வீட்டு பெடிக்யூர் எதையும் தாங்களாகச் செய்யக் கூடாது. சூடு தெரியாமலே வெந்துபோன பாதங்களோடு வருபவர்கள் மருத்துவமனைகளில் உண்டு.

இவ்வளவும் சரி, கல்யாணம் அடுத்த வாரம் என்கிறவர்களுக்கு?

புதிதாக எதையும் முயற்சி செய்யாதீர்கள், அவ்வளவுதான். பார்லர் ப்ளீச் கூட, முதல் முறை என்றால், ஒவ்வாமை காட்டி மணமேடையில் சிவந்த காலோடு உட்கார வைக்கலாம். தினமும் ரெண்டு வேளை மாய்ஸ்சரைசர் போட்டால் ஏழு நாளில் வெளிறல் போய்விடும், படத்தில் பாதி வித்தியாசம் அதுவே தரும். மீதிக்கு மருதாணி இருக்கிறது. இலையை அரைத்து வைக்கும் செம்மருதாணி பாதத்தில் இருக்கும் நிற வேறுபாட்டை அழகாக மறைக்கும். கடையில் 'கருப்பு மருதாணி' என்று விற்கும் கோன் மட்டும் வேண்டாம். கருப்பு வருவதற்காகப் பல நேரங்களில் தலைமுடிச் சாயத்தில் இருக்கும் அதே வேதிப்பொருளைக் கலக்கிறார்கள், டிசைன் அப்படியே கொப்புளமாக எழும்பும்.

சித்தி மகளின் எலுமிச்சைக் கோடுகள் மங்க எட்டு மாசம் ஆயின. இப்போது சாக்ஸ் போட்டுத்தான் ஸ்கூட்டி ஓட்டுகிறாள்.